“ஒரு நடை போயிட்டு வா”

(மதுரையில் அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டி நடந்த கூட்டத்தில் ஒரு வழக்கறிஞர் பேசியதன் எழுத்து வடிவம்)



துண்டறிக்கையில் என் பேருக்கு நேரே ‘லாரி பிரேக்கும் சட்டமும்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே ஒரு மாணவத் தோழர் கேட்டார்: “என்ன தோழர், அண்ணல் நினைவு நாள்ல மெக்கானிக் வகுப்பா எடுக்கப் போறீங்க?” சிரித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். மேலவளவு பற்றிப் பேசுகிறோம், பஞ்சமி நிலம் பற்றிப் பேசுகிறோம். பிரேக்கைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? பேச வேண்டியவன் நான் என்பதால் பேசுகிறேன். முப்பது வருசமாக இதை ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

1993. பிளஸ் டூவில் தோற்றுப்போய், மதுரைக்கு மேற்கே எங்கள் சேரியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை, எங்க தெருவிலேயே ஒரு அண்ணன் லாரியில் கிளீனராகச் சேர்த்துவிட்டார். அவர் டிரைவர். ஆறு டயர் வண்டி. முதலாளிக்கு நாலு வண்டி. நாலும் நாலு பேர் பேரில் இருக்கும். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று சொன்னது. ஆனால் ஐந்து தொழிலாளியோ அதற்கு மேலோ வைத்திருக்கிற நிறுவனத்துக்குத்தான் அது செல்லும். மனைவி பேரில் ஒன்று, மச்சான் பேரில் ஒன்று என்று பிரித்துவிட்டால் சட்டம் வாசலோடு நின்றுவிடும். அந்தச் சட்டமும் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது, அது வேறு கதை. தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்று 1946-ல் ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 54 மணியை 48 ஆக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவர் அண்ணல். அந்த 48 லாரி டிரைவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கம்பத்துப் பக்கமிருந்து நெல் மூட்டை ஏற்றி மதுரை மில்லுக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. பின்பக்க இடது சக்கரத்தில் லைனர் தேய்ந்து ரிவிட் வரைக்கும் போய்விட்டது. பிரேக்கை மிதித்தால் டிரம்மில் கர்ர்ரென்று இரும்பு உரசும். அண்ணன் ஷெட்டில் வைத்து முதலாளியிடம் சொன்னார். நான் பக்கத்தில் கிரீஸ் டப்பாவோடு நின்றேன். “மொதலாளி, லைனர் அடிச்சே ஆகணும். டிரம்மையும் கடைசலுக்குக் குடுக்கணும்.” முதலாளி கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒரு நடை போயிட்டு வா. திங்கக்கெழமை பாத்துக்கலாம்.”

திங்கட்கிழமை வந்தது. இன்னொரு நடை போய்விட்டு வரச் சொன்னார். அப்படி மூன்று நடை.

மூன்றாவது நடையில் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி உசிலம்பட்டிப் பக்கம் இறங்குகிறோம். அனுமதித்ததைவிட மூன்று டன்னாவது கூடுதல் பாரம். சாயங்கால நேரம். மேட்டில் ஏறி முடித்ததும் அண்ணன் நியூட்ரலில் தட்டிவிட்டார். இதை மறைத்துப் பேச நான் வரவில்லை. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி கணக்குப் போட்டு டீசல் கொடுப்பார். குறைந்தால் டிரைவர் சம்பளத்தில் பிடிப்பார், மிஞ்சினால் டிரைவருக்கு. அந்த மிச்சத்தில்தான் அவர் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினார். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது எல்லா டிரைவருக்கும் பழகிப்போன கை. கியரில் இறக்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரத்தையும் பிரேக் மட்டுமே பிடிக்க வேண்டும்.

பாதி இறக்கத்தில் தீய்ந்த வாடை வந்தது. மிதிக்கிறார். புஸ் புஸ்ஸென்று ஏர் சத்தம் கேட்கிறது, வண்டி நிற்கவில்லை. கியரைப் போடப் பார்க்கிறார், விழவில்லை, பல் அரைக்கிறது. “கட்டையை எடுத்துக்கிட்டுக் குதிடா!” என்றார். சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை கொடுப்பதுதான் கிளீனர் வேலை. அந்த வேகத்தில் எனக்குக் குதிக்கத் தைரியம் வரவில்லை. கீழே தரை சமமாகிற இடத்தில், தலையில் புல்லுக்கட்டோடு ரோட்டோரம் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவை வண்டி அடித்து, புளியமரத்தில் மோதி நின்றது.

“எறங்கி ஓடுறா. நிண்டோம்னா என்ன ஆளுன்னு கேட்டுட்டுத்தான் அடிப்பாய்ங்க” என்றார் அண்ணன். அவர் காட்டுக்குள் ஓடிவிட்டார். எனக்கு முழங்கால் மடங்கிவிட்டது, மாட்டிக்கொண்டேன். செத்துப்போன அம்மா எந்தத் தெரு என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஊர்ச் சேரிதான். அடித்த வண்டியில் இருந்த ரெண்டு பேரும் சேரி, அடிபட்டுச் செத்ததும் சேரி.

அடுத்த நாள் போலீஸ் ஸ்டேஷனில் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன். எழுத்தர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். ‘ஓட்டுநர் வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி…’ நீதிமன்றத்தில் நுழைந்த எல்லாருக்கும் இந்த வாசகம் மனப்பாடம். தமிழ்நாட்டில் எந்த விபத்து முதல் தகவல் அறிக்கையை எடுத்தாலும் அந்த இரண்டு சொல் இருக்கும். பிரேக் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். எங்க வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். விசாரணையில் போலீசிடம் சொன்னதற்குக் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்பது பத்து வருசம் கழித்துச் சட்டம் படிக்கும்போதுதான் தெரிந்தது.

வழக்கில் முதலாளி அரசுத் தரப்புச் சாட்சி. வண்டி நல்ல கண்டிஷனில் இருந்தது என்று சொன்னார். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை வந்தது: விபத்து இயந்திரக் கோளாறினால் ஏற்பட்டதல்ல. அடுத்து நான். கூண்டில் ஏறி, “வேகமாத்தான் ஓட்டுனாரு” என்றேன். அண்ணனுக்கு ஒரு வருசம் கடுங்காவல். லைசென்சும் போனது. வெளியே வந்து நெல்பேட்டையில் கைவண்டி இழுத்தார். ஒரு தடவை எதிரே பார்த்தேன். திட்டவில்லை. “ஒனக்குத் தெரியும்லடா” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இனி சட்டத்துக்கு வருகிறேன்.

முதலில் அந்த ஆய்வாளர் அறிக்கை. பலரும் அதைப் பொய் அறிக்கை என்று நினைப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது இன்னும் மோசமானது, உண்மையாகவே அப்படித்தான் தெரியும். லைனர் டிரம்மில் உரசி, வேகத்தைச் சூடாக மாற்றித்தான் வண்டியை நிறுத்துகிறது. நீண்ட இறக்கத்தில் ஏகப்பட்ட பாரத்தோடு மிதித்துக்கொண்டே வந்தால் சூடு எல்லை மீறும். சூடேறிய லைனர் பிடிப்பை இழக்கும், டிரம் விரிந்து லைனரை விட்டு விலகும். காற்றுக் குழாய் நன்றாக இருக்கும், ஏர் டேங்கில் காற்று இருக்கும், மிதி வேலை செய்யும், பிடிப்பு மட்டும் இருக்காது. மறுநாள் டிரம் ஆறிப்போய்விடும். ஆய்வாளர் வருகிறார். பாரம் இறக்கிய வண்டியை ஸ்டேஷன் வளாகத்தில் பத்தடி நகர்த்தி மிதித்துப் பார்க்கிறார். பிரேக் பிடிக்கிறது. ‘கோளாறு இல்லை’ என்று எழுதுகிறார். செத்தவர் உடம்பில் காயம் இருக்கும், வண்டியின் உடம்பிலிருந்த காய்ச்சல் இறங்கியிருக்கும். டிரம்மைக் கழற்றி லைனர் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம், டிரம் நீலம் பாரித்திருக்கிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 136-வது பிரிவு ஆய்வாளருக்கு வண்டியைச் சோதிக்கும் அதிகாரம் கொடுக்கிறது. கழற்றிப் பார்த்த அறிக்கையை என் தொழிலில் விரல்விட்டு எண்ணலாம்.

எஃப்.சி. காட்டுவதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல டயரைக் கடன் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு, மத்தியானம் பழைய டயரைத் திரும்ப மாட்டியதெல்லாம் இந்தக் கைதான்.

இரண்டாவது, யார் குற்றவாளி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ. அசட்டையாக அல்லது கவனக்குறைவாகச் செய்த செயலால் மரணம் விளைவித்தால் இரண்டு வருசம் வரை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 106(1), ஐந்து வருசம் வரை. இதில் கவனிக்க வேண்டியது, 304-ஏ பிரிவில் ‘ஓட்டுநர்’ என்ற சொல்லே கிடையாது. ‘எவரொருவர்’ என்றுதான் இருந்தது. லைனர் தேய்ந்துவிட்டது என்று சொன்ன பிறகும் வண்டியை அனுப்புகிறவரும் அந்த ‘எவரொருவருக்குள்’ வர வேண்டும்தானே? அங்கேதான் நீதிமன்றம் ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. பம்பாயில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தீப்பிடித்து ஏழு தொழிலாளிகள் செத்தார்கள். லைசென்ஸ் விதியை மீறி, எரியக்கூடிய பொருட்கள் இருந்த இடத்திலேயே அடுப்புகளை எரியவிட்டவர் மேலாளராகவும் பங்குதாரராகவும் இருந்தவர். உச்சநீதிமன்றம் 304-ஏ-யிலிருந்து அவரை விடுவித்தது. மரணத்துக்கு நேரடிக் காரணம், ஒரு தொழிலாளி அவசரப்பட்டு டர்பன்டைனை ஊற்றியதுதான் என்றது. 1965-ஆம் ஆண்டுச் சட்ட இதழ்களில் வந்த குர்பான் ஹுசேன் வழக்கு. கடைசியாகக் கை வைத்தவன் யார் என்று பார்க்கிற பார்வை இது. லாரியில் கடைசியாகக் கால் வைத்தவன் டிரைவர்.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 190-வது பிரிவு இருக்கிறது. மாணவத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆபத்தான குறைபாடு இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக் கூடிய நிலையிலும், அந்த வண்டியை ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்ட வைக்கிறவரும் ஓட்ட அனுமதிக்கிறவரும் குற்றவாளி. 1988-லிருந்தே சட்டத்தில் இருக்கும் வாசகம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 1500 ரூபாய் அபராதம். அந்தக் குறைபாட்டால் விபத்து நடந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய். டிரைவருக்கு ஐந்து வருசம், முதலாளிக்கு மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தையாவது கேட்டோமா? இந்தப் பிரிவில் முதலாளி பேரைச் சேர்த்த முதல் தகவல் அறிக்கையை நான் இதுவரை கையில் வாங்கியதில்லை. அவர் எப்போதும் சாட்சிக் கூண்டில்தான் ஏறுகிறார்.

மூன்றாவது, ஓடிப்போவது. 2024 ஜனவரி முதல் இரண்டு நாள் நாடு முழுக்க லாரிகள் நின்றது ஞாபகமிருக்கும். பெட்ரோல் பங்கில் வரிசை நின்றது. புதிய சட்டத்தின் 106(2), விபத்தில் மரணம் விளைவித்துவிட்டு உடனே போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் தப்பினால் பத்து வருசம் வரை என்கிறது. போராட்டத்துக்குப் பயந்து, ஜூலையில் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? அடிபட்டவருக்கு டிரைவர் உதவ வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தாலோ தன் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணத்தாலோ முடியாமல் போனால் தவிர. கூட்டம் அடிக்கும் என்று 1988-ல் சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. 2023-ல் எழுதியவர்கள் 106(2)-ல் அந்த ஒரு வரியை விட்டுவிட்டார்கள்.

டிரைவர்கள் எல்லாரும் தலித் இல்லை. எல்லாச் சாதி ஏழையும் ஸ்டியரிங் பிடிக்கிறான், எல்லாரையும் கூட்டம் அடிக்கிறது. ஆனால் ‘என்ன ஆளு’ என்று கேட்டுவிட்டு அடிக்கிற அடி வேறு. அடிபட்டவர் ஊர்த்தெருவாக இருந்து, ஓட்டியவர் சேரி என்று தெரிந்தால், அது விபத்தாக மட்டும் நிற்காது. அண்ணன் காட்டுக்குள் ஓடியதை நான் குற்றமாக நினைக்கவில்லை. அந்த அம்மா மூச்சு இருந்த நேரத்தில் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் கிடந்ததையும் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டும் ஒரே சாயங்காலத்தில் நடந்தது.

அந்த அம்மா பக்கமும் பேச வேண்டும். இல்லையென்றால் இது டிரைவர் சங்கக் கூட்டமாகிவிடும். ரோட்டோரம் நடக்கிறவன், சைக்கிளில் போகிறவன், நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் எல்லாம் யார்? நாற்கரச் சாலை போட்டபோது பிளந்துபோன ஊர்களில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் குடியிருப்பும் அந்தப் பக்கம் வேலைக்காடும் இருக்கிற சேரிகளை நீங்களே எண்ணிப் பாருங்கள். செத்தவர் குடும்பம் 166-வது பிரிவில் நஷ்டஈடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், டிரைவர் அஜாக்கிரதை என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். புல்லுக்கட்டுச் சுமந்தவர் மகன், கைவண்டி இழுக்கிறவர்தான் கொலைகாரர் என்று சொன்னால் காசு. முதலாளி கவனக்குறைவும் கவனக்குறைவுதான். அதைச் சொல்லியும் நஷ்டஈடு கேட்கலாம். பிரேக் கெட்ட வண்டி என்பதற்காக, செத்தவர் குடும்பத்துக்குப் பணம் கிடையாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லவும் முடியாது. அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பைசா குறைந்திருக்காது. என் பொய்யால்தான் அவர்களுக்குப் பணம் வந்தது என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்.

2022 ஏப்ரல் முதல் 164-வது பிரிவு இருக்கிறது: யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். தொகை குறைவு, சண்டையும் குறைவு. சரக்கு வண்டியில் கூலிக்கு ஆளேற்றிப் போகும்போது கவிழ்ந்தால்தான் பெரிய கொடுமை. அப்படி ஓசியில் ஏறியவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. நாற்று நடப் போகிற பெண்களை பஸ்ஸா வந்து ஏற்றிக்கொண்டு போகிறது? லோடு வண்டிதானே. இதற்குத் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும்.

நம் ஊரிலேயே 2023 ஜூலை கடைசியில் மஸ்தான்பட்டி சுங்கச்சாவடியில் நடந்ததை எல்லாரும் போனில் பார்த்தீர்கள். ஆந்திராவிலிருந்து கேரளாவுக்கு அரிசி ஏற்றி வந்த லாரி பிரேக் பிடிக்காமல் சாவடிக்குள் புகுந்தது. அங்கே வேலை பார்த்த ஒரு தொழிலாளி செத்தார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் டிரைவர் தூங்கிவிட்டானா, குடித்திருந்தானா என்றுதான் என்னிடம் கேட்டார்கள். அந்த வண்டிக்குக் கடைசியாக எப்போது லைனர் அடித்தார்கள் என்று ஒருத்தர் கேட்கவில்லை. தருமபுரி தொப்பூர் இறக்கத்தில் 2020 டிசம்பர் 12-ல் நாலு பேர், 2024 ஜனவரி 24-ல் நாலு பேர் செத்தார்கள். நியூட்ரலில் இறக்காதே என்று டிரைவருக்கு எச்சரிக்கை செய்கிறார்கள், சரி. டீசல் கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற முதலாளிக்கு எந்தப் பலகையில் எழுதுவது?

2018-ல் மத்திய அரசு பத்து டயர் லாரியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. அதே வருசம், நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் எடுத்தது. பாரம் கூடியது, ஆள் குறைந்தது.

வேறு மாதிரி யோசித்த நீதிமன்றமும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு லாரி இறக்கத்தில் பிரேக் போய் ஒருவரைக் கொன்றது. பிரேக் குழாயில், கழற்றினால் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் துரு தின்று ஓட்டை. டிரைவர் மேல் தவறில்லை என்று விசாரணை நீதிமன்றமே சொல்லிவிட்டது. முதலாளி, ‘கண்ணுக்குத் தெரியாத கோளாறு, நான் என்ன செய்ய’ என்றார். ஹென்டர்சன் எதிர் ஜென்கின்ஸ் வழக்கில் பிரபுக்கள் சபை கேட்டது: இந்த வண்டி இத்தனை வருசம் என்ன சரக்கு ஏற்றியது, என்ன பராமரிப்பு நடந்தது, அதை நீ ஏன் சொல்லவில்லை? பொறுப்பு முதலாளி மேல் விழுந்தது. நம் உச்சநீதிமன்றமும் 2001 ஜனவரியில் கௌஷ்னுமா பேகம் வழக்கில், டயர் வெடித்து ஜீப் கவிழ்ந்து ஒருவர் செத்ததற்கு, யார் அஜாக்கிரதை என்ற கேள்வியே இல்லாமல் நஷ்டஈட்டுப் பொறுப்பை உடைமையாளர் மேல் வைத்தது. இவையெல்லாம் பணப் பொறுப்பு. ஜெயிலுக்கு யார் போவது என்று வரும்போது பார்வை மறுபடியும் டிரைவர் காலுக்கே போகிறது.

டிரைவருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. நியூட்ரலில் தட்டியது அவர் கை. தேய்ந்த லைனரோடு மூன்றாவது நடைக்குச் சாவியை வாங்கியதும் அவர் கைதான். ஆனால் சாவியை வாங்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே இன்னொருத்தன் வாங்கியிருப்பான், அவனும் நம்ம தெருதான். அதனால் தனி ஆளாக ‘மாட்டேன்’ என்று சொல்லச் சொல்லி நான் உபதேசம் பண்ண வரவில்லை. நாலு வண்டி டிரைவரும் சேர்ந்து சொன்னால் கதை வேறு.

ஒரு சின்ன வேலை ஆரம்பித்திருக்கிறோம். ரிங் ரோட்டு ஒர்க்‌ஷாப்களிலும் மாட்டுத்தாவணிப் பக்க லாரி ஷெட்டுகளிலும் டிரைவர்களிடம் ஒரு கார்பன் நோட்டுக் கொடுக்கிறோம். தேதி, வண்டி நம்பர், என்ன குறை, யாரிடம் சொன்னேன், என்ன பதில். அவ்வளவுதான். மேல் தாள் முதலாளிக்கு, அடித்தாள் டிரைவர் பைக்கு. வாங்க மறுத்தால் போனில் படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும். ‘தெரிந்தும் ஓட்ட அனுமதித்தவர்’ என்று 190-ல் சொன்னதற்கு, அந்தத் தெரிந்ததற்கு இதுதான் சாட்சி. கிளீனர் பையனைக் கூண்டில் ஏற்றி மிரட்டினாலும் கார்பன் தாளை மிரட்ட முடியாது. போன மாதம் ஒரு முதலாளி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, டிரைவரைத் திட்டிக்கொண்டே ரெண்டு சக்கரத்துக்கு லைனர் அடித்துக் கொடுத்தார். இன்னொருவர் டிரைவரையே நிறுத்திவிட்டார். அந்த வழக்கு என்னிடம் இருக்கிறது.

நோட்டில் எழுதத் தெரியாத டிரைவர்கள் நிறைய பேர். எழுதிக் கொடுக்க மாணவர்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால் வர வேண்டும். பேர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் நில்லுங்கள். கார்பன் தாள் நான் வாங்கி வருகிறேன்.